நீதிமன்றக் கட்டடங்கள் – அன்றும் இன்றும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"கோர்ட்டு வாசப்படி மிதிக்காத குடும்பம்" என்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் சில குடும்பங்களைப் பெருமையாகச் சொல்வார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அதை விசாரிப்பது உண்டு. சென்ற ஆண்டு வரை எங்கள் குடும்பமும் அந்தப் பெருமைக்கு உரியதாகத்தான் இருந்தது. என் பாட்டனார் விட்டுச் சென்ற 80 சென்ட் நிலத்தின் பாகம் குறித்து என் தாயார் பெயருக்கு அழைப்பாணை வந்த அன்று அந்தப் பெருமை போயிற்று. அமீனா நீட்டிய காகிதத்தைக் கையில் வாங்கவே அம்மா பயந்தார். எங்கள் வீட்டில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே அதைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

நான் படித்து முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது அன்று. "கோர்ட்டுன்னா எப்பிடி இருக்கும் பாப்பா? எந்தப் பக்கமாப் போவணும்? எங்க நிக்கணும்?" என்றுதான் கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒளியின் வேகம் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லக்கூடிய நான், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கட்டடத்திற்குள் என்ன இருக்கிறது என்று அறியாதவளாக இருந்தேன். அன்று தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதைப் பற்றி எழுதுவது முறையன்று. கட்டடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கச்சேரி என்னும் பெயர்

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நீதிமன்றத்தைக் 'கச்சேரி' என்றே சொல்கிறார்கள். பாட்டுக் கச்சேரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிறு வயதில் நான் வியந்தது உண்டு. அரசு அலுவல் நடக்கும் இடத்தைக் குறிக்க இந்துஸ்தானி வழியாக வந்த சொல் இது. ஆங்கிலேயர் காலத்துத் தாலுகா கச்சேரியில் வரி வாங்கும் இடம், கருவூலம், கிளைச் சிறை ஆகியவை ஒரே வளாகத்தில் இருந்தன. வரி வசூலிக்கும் வருவாய்த் துறை அதிகாரியே சிறு குற்ற வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். வரி கட்டாதவனைக் கூப்பிட்டு அதட்டும் அதிகாரியும், அவனுக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரியும் ஒருவரே என்றால், அந்தக் கட்டடத்தைப் பார்த்து மக்கள் அஞ்சாமல் என்ன செய்வார்கள்?

நாடு விடுதலை அடைந்த பிறகு நீதித் துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கும் பணி படிப்படியாக நடந்தது. 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித் துறை நடுவர் வேறு, நிர்வாகத் துறை நடுவர் வேறு என்று நாடெங்கும் தெளிவாகப் பிரித்தது. தாசில்தார் அலுவலகம் ஒரு பக்கமும் நீதிமன்றம் ஒரு பக்கமுமாக இன்று நம் ஊர்களில் தனித்தனியே நிற்பது வெறும் இட வசதிக்காக அன்று. அந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியே மக்களுக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு ஆகும்.

சிவப்புக் கட்டடமும் விளக்கும்

நம் மாநிலத்து நீதிமன்றக் கட்டடங்களுள் தலையாயது சென்னை உயர் நீதிமன்றம். கல்விச் சுற்றுலாவாகக் கோளரங்கம் காணச் சென்றபோது, பாரிமுனையில் பேருந்திலிருந்தபடியே அதைப் பார்த்தேன். செந்நிறச் சுவர்களும், வெங்காயக் குமிழ் போன்ற கோபுரங்களும், வளைவு வளைவான தாழ்வாரங்களும் கொண்ட அக்கட்டடம் ஓர் அரண்மனை போலவே தோன்றியது.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1862ஆம் ஆண்டு உயர் நீதிமன்றங்கள் தொடங்கப்பெற்றன. அதற்கு முன்பு 1801 முதல் சென்னையில் 'சுப்ரீம் கோர்ட்' என்ற பெயரிலேயே ஒரு நீதிமன்றம் இருந்தது. கடற்கரைச் சாலையில் பெண்டிங்க் கட்டடம் என்று வழங்கிய மாளிகையில் அது நடந்தது. உயர் நீதிமன்றமும் முதல் முப்பது ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. அந்த மாளிகை இன்று இல்லை. அது இருந்த இடத்தில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது.

இப்போதுள்ள சிவப்புக் கட்டடம் 1888இல் தொடங்கி 1892இல் கட்டி முடிக்கப்பட்டது. பிராசிங்டன் என்பவர் முதல் வரைபடத்தைத் தந்தார். ஹென்றி இர்வின் அதை நிறைவு செய்தார். கட்டியவர் நம் நாட்டவரான நம்பெருமாள் செட்டியார். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியபோது, ஒரு குண்டு இவ்வளாகத்தில் விழுந்தது. அதன் நினைவாக அங்கே கல்வெட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இயற்பியல் மாணவியாகிய என்னை மிகவும் கவர்ந்தது இதன் நடுக்கோபுரமே. சுமார் 175 அடி உயரமுள்ள அக்கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கு முன் 1844 முதல் விளக்கைத் தாங்கி நின்ற கருங்கல் தூணும் அதே வளாகத்தில் இன்றும் உள்ளது. 1977இல் மெரினாக் கடற்கரையில் புதிய கலங்கரை விளக்கம் வந்த பிறகே கோபுரம் ஓய்வு பெற்றது. பூமி உருண்டையாக இருப்பதால் எவ்வளவு பிரகாசமான விளக்கானாலும் ஓர் எல்லைக்கு அப்பால் தெரியாது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். 175 அடி என்பது சுமார் 53 மீட்டர். ஆகவே கடல் மட்டத்தில் இருப்பவனுக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவு வரை அந்த விளக்கு தெரிந்திருக்கும். கப்பலின் மேல்தட்டில் நிற்பவனுக்கு இன்னும் சற்றுத் தூரத்திலேயே தெரிந்திருக்கும். வழக்காடும் மன்றத்தின் உச்சியிலேயே வழிகாட்டும் விளக்கும் இருந்தது என்பது நினைக்க நினைக்க இன்பம் தருகிறது.

இந்நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். இளமையில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்திற்கு வேலை பார்த்தவர் அவர். அவருடைய பளிங்குச் சிலை உயர் நீதிமன்றக் கட்டடத்திற்குள் இருக்கிறது. வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலையும் உண்டு. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் மணியடித்து நீதி கேட்ட கதையை அறியாதவர் நம்மில் யார்? அரண்மனைக்குள் போகத் தெரியாத உயிருக்கும் எட்டும்படி மணி வாயிலிலேயே தொங்கியது என்பதுதான் அக்கதையில் நான் இப்போது கவனிக்கும் செய்தி.

தென் மாவட்ட மக்கள் வழக்குக்காகச் சென்னை வரை அலைய வேண்டியிருந்த நிலை 2004 ஜூலை 24ஆம் நாள் மாறியது. அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பெற்றது.

தில்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம்

அமெரிக்க நாட்டில் ஒரே ஊரில் இரண்டு வகை நீதிமன்றக் கட்டடங்களைக் காணலாம். ஒன்று அந்த மாநிலத்தின் நீதிமன்றம். மற்றொன்று நடுவண் அரசின் கூட்டாட்சி நீதிமன்றம். நடுவண் அரசின் சட்டங்களைப் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் இரண்டாவது கட்டடத்திற்குச் செல்லும். நம் நாட்டிலும் நடுவண் அரசும் மாநில அரசும் இருக்கின்றனவே, நம் ஊரில் ஏன் இரண்டு கட்டடங்கள் இல்லை என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

நம் நாட்டிலும் கூட்டாட்சி நீதிமன்றம் என்ற பெயரில் ஒன்று இருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937 அக்டோபர் முதல் நாள் அது தில்லியில் தொடங்கியது. அதற்கெனத் தனிக் கட்டடம் கட்டப்படவில்லை. வட்டவடிவமான நாடாளுமன்றக் கட்டடத்தில், சுதேச மன்னர்கள் கூடுவதற்கென்று அமைத்த மண்டபத்தில் அது இயங்கியது. மாகாணங்களுக்கும் நடுவண் அரசுக்கும் இடையே எழும் வழக்குகளை அது விசாரித்தது. சென்னையைச் சேர்ந்த வரதாச்சாரியாரும் பதஞ்சலி சாஸ்திரியும் அதில் நீதிபதிகளாக இருந்தார்கள். ஆனால் அதுவும் இறுதி மன்றம் அன்று. அதற்கும் மேலே இலண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. பெருந்தொகை சம்பந்தப்பட்ட வழக்கானால், தென்னார்க்காட்டு நிலத் தகராறுகூடக் கடைசியில் கடல் கடந்துபோகலாம். 1949இல்தான் அந்த அதிகாரம் நீக்கப்பட்டது.

நாடு குடியரசான இரண்டாம் நாள், 1950 ஜனவரி 28இல், அதே மண்டபத்தில் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. 1958இல்தான் அது தன் சொந்தக் கட்டடத்திற்குச் சென்றது. தராசின் வடிவை மனத்தில் கொண்டு, நடுப்பகுதியும் இரு பக்கத் தட்டுகளும் போல அக்கட்டடத்தை அமைத்திருக்கிறார்கள்.

நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் இரட்டை நீதிமன்றங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆகவே நமக்கு உள்ளது ஒரே ஏணி. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமானாலும் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டமானாலும், வழக்கு நம் ஊர் நீதிமன்றத்திலேயே தொடங்கலாம். அந்த ஏணியின் கடைசிப் படி தில்லியில் இருக்கிறது என்றால், முதல் படி திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருக்கிறது.

அரண்மனைகளும் மலையூர் மன்றங்களும்

பழைய நாளில் நீதிமன்றத்திற்கென்று கட்டடம் கிடைக்காத இடங்களில் அரண்மனைகளையே பயன்படுத்தினார்கள். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் மாவட்ட நீதிமன்றம் நெடுங்காலம் நடந்தது. பெருந்தூண்களுக்கு நடுவே வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நடமாடிய அந்த மகால் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம்.

கட்டடம் அழகாக இருந்தால் மட்டும் போதுமா? நீலகிரி மாவட்டத்தில் 2022இல் புதிய நீதிமன்ற வளாகம் திறக்கப்பட்டது. அங்கே பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்னும் முறையீடு 2023இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கறுப்பு அங்கி அணிந்தவர்களுக்கே இந்நிலை என்றால், காலை முதல் மாலை வரை வாய்தாவுக்குக் காத்திருக்கும் கிராமத்துப் பெண்களைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஒரு நீதிமன்றத்தை அளக்க வேண்டுமானால் அதன் கோபுரத்தை அளப்பதோடு, அங்கே உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் உண்டா என்றும் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

விழுப்புரமும் திண்டிவனமும்

நம் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது. அதன் தலைநகர் கடலூர். மாவட்ட அளவிலான வழக்குக்குத் திண்டிவனத்துக்காரர் கடலூர் போக வேண்டும். பாண்டிச்சேரி வழியாகப் போனால் சுமார் 60 கிலோமீட்டர். 1954 வரை பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. வழக்குக்குப் போகிறவன் இன்னொரு நாட்டின் எல்லையைக் கடந்தல்லவா போயிருக்க வேண்டும்! அதே புதுச்சேரியின் வழக்குகள் இன்று மேல்முறையீட்டுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திற்கே வருகின்றன.

1993 செப்டம்பர் 30ஆம் நாள் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மாவட்டம் பிரிவது என்றால் ஆட்சியர் அலுவலகம் வருவது மட்டும் அன்று. நீதியும் பக்கத்தில் வருகிறது என்று பொருள். இன்று விழுப்புரத்தில் மாவட்ட முதன்மை நீதிமன்றம், தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம், மகளிர் நீதிமன்றம், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் ஆகியவை உள்ளன. புளியமரக் காடு என்னும் பொருளில் 'திந்திரிணி வனம்' என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் திண்டிவனத்தில் சார்பு நீதிமன்றமும், உரிமையியல் நீதிமன்றமும், குற்றவியல் நடுவர் நீதிமன்றமும் உள்ளன.

பெயர்ப் பலகைகளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நம் பெரியவர்கள் 'முன்சீப் கோர்ட்' என்று சொல்வதே பலகையில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் என்று இருக்கிறது. 'சப் கோர்ட்' என்பது சார்பு நீதிமன்றம். 'மாஜிஸ்திரேட் கோர்ட்' என்பது குற்றவியல் நடுவர் நீதிமன்றம். 'செஷன்ஸ் கோர்ட்' என்பது அமர்வு நீதிமன்றம். நிலம், பணம், பாகம், வழித்தடம் ஆகியவை உரிமையியல் வழக்குகள். அடிதடி, திருட்டு போன்றவை குற்றவியல் வழக்குகள். பாக வழக்கில் அழைப்பாணை வந்தால் போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று என் தாயார் நினைத்திருந்தார். இரண்டும் வேறு என்று சொன்ன பிறகுதான் அன்று அவர் சாப்பிட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு நாள் காலையில் தனியாகவே ஒரு நீதிமன்றத்திற்குப் போனேன். வெளியே தட்டச்சு செய்பவர்களும், நகல் எடுக்கும் கடைகளும், மரத்தடியில் சாப்பாட்டு மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். உள்ளே விடுவார்களா என்று தயங்கி நின்றேன். விசாரணை நடக்கும் இடம் திறந்த மன்றம் என்றும், இடம் கொள்ளுமளவுக்குப் பொதுமக்கள் வரலாம் என்றும் சட்டமே சொல்கிறது என்பதைப் பிறகு அறிந்தேன். நீதிபதி தக்க காரணத்தோடு தடுத்தாலன்றி, கதவு யாவர்க்கும் திறந்ததே.

அறையின் ஒரு முனையில் உயர்ந்த மேடை. அதன் மேல் நீதிபதியின் இருக்கை. மேடைக்குக் கீழே கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் பெஞ்ச் கிளார்க். அவருக்கு எதிரே வழக்கறிஞர்களின் மேசை. ஒரு பக்கத்தில் சாட்சிக் கூண்டு. கூண்டு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது இடுப்பளவு உயரமுள்ள மரத்தடுப்புதான், கதவுக்குப் பூட்டு இல்லை. வாசலருகே நின்று பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுபவரை டவாலி என்கிறார்கள். வழக்குத் தாள்களைத் தாக்கல் செய்யும் இடத்திற்குத் தலைவர் சிரஸ்தார்.

பழைய நீதிமன்ற அறைகளின் கூரை ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதற்கு இயற்பியல் விடை தருகிறது. சூடான காற்று இலேசானது. அது மேலே எழும். மேலுள்ள சாளரங்கள் வழியே அது வெளியேறினால் கீழே இருப்பவர்களுக்கு வெப்பம் குறையும். மின்விசிறி இல்லாத காலத்தில் இது பெரும் உதவி. ஆனால் வெறுஞ்சுவரும் உயர்ந்த கூரையும் ஒலியைத் திரும்பத் திரும்ப எதிரொலிக்கச் செய்யும். அதனால் பேச்சு குழம்பிக் கேட்கும். பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று பெரியவர்கள் சொல்வதில் பொய் இல்லை. கேட்கவில்லை என்றால் தயங்காமல் "மறுபடி சொல்லுங்க ஐயா" என்று கேட்கலாம்.

மொழியும் ஒரு தடையாகவே நெடுநாள் இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும் 1879இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரம் நம் நினைவுக்கு வரும். அவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862லேயே வெளியிட்டவர். 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கீழ் நீதிமன்றங்களில் தமிழுக்கு வழி செய்தது. சாட்சியம் தமிழில் பதிவாகலாம். தீர்ப்பும் தமிழில் எழுதப்படலாம். உயர் நீதிமன்றத்தின் மொழி மட்டும் இன்றும் ஆங்கிலமாகவே இருக்கிறது.

மற்றும் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று எந்தப் பெண்ணும் அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கும் உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். இருதரப்பும் ஒத்துக்கொண்டால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது. இரண்டாவதாக, ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கொண்டு அடுத்த வாய்தா என்றைக்கு என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

முடிவுரை

அழைப்பாணையில் குறித்த நாளுக்கு முந்தின இரவு, நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான் பார்த்த நீதிமன்றத்தின் படத்தை அம்மாவுக்கு வரைந்து காட்டினேன். வாசல் இங்கே, மேடை இங்கே, கூண்டு இங்கே, தண்ணீர்க் குழாய் இங்கே என்று சொன்னேன். அவர் எழுத்தறியாதவர், ஆனால் படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முன்னால் நடந்தார். உள்ளே போனதும், "அது சிரஸ்தார் ரூமு, இது நம்ம ரூமு" என்று என்னிடமே காட்டினார். பெயர் கூப்பிட்டபோது, "இருக்கேங்க" என்று அவர் சொன்ன குரல் அந்த அறை முழுவதும் கேட்டது.

வழக்கின் முடிவு எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். கட்டடத்தைப் பற்றிய பயம் போன பிறகுதான் நீதியைப் பற்றிப் பேசவே வாய் வருகிறது. நம் கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வந்தவர்கள் பலர். நாம் வகுப்பில் படிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நீதிமன்றத்தின் பெயர்ப் பலகையைப் படித்துச் சொல்வதும், இந்தக் கதவு அவர்களுக்கும் திறந்ததே என்று உடன் சென்று காட்டுவதும் நம் படிப்பின் பயன்களுள் ஒன்றல்லவா?